வின்சன்றின் தோலும் ஒக்டோபர் மாதாவும்

றெஜி வந்து சொன்ன விதமே சரியில்லை. முகத்தைப் பார்த்துச் சொல்லவேண்டிய விஷயத்தை அந்த மனிதன் மதிலைப் பார்த்துச் சொன்னான்.

"மச்சான், இந்த முறை மாதா என்ர வீட்டால நேர லேன் வளைவில கிடக்கிற முடக்கு வீட்டுக்குப் போறாவாம்."

வின்சன்ற் வாசலில் குந்தியிருந்து அறுந்த செருப்புக்கு வார் தைத்துக்கொண்டிருந்தார். ஊசி அப்படியே நின்றது.

"அப்ப நடுவில கிடக்கிற என்ர வீடு?"

"அதுதான்... செபமாலைக் குழு லவினா ஆக்கள் அப்பிடித்தான் கதைச்சவையள்."

கொட்டாஞ்சேனையில் அந்த லேனிலுள்ள வேதக்காரக் கத்தோலிக்க வீடுகளுக்கெல்லாம் ஒக்டோபர் மாதம் மாதா சுரூபச் சிலை வந்துபோகும். ஒரு வீட்டில் ஒரு நாள் தங்கும். மறுநாள் பின்னேரம் லேன் சனம் அங்கே கூடிச் செபமாலை சொல்லி, சுரூபத்தை அடுத்த வீட்டுக்காரரின் கையில் கொடுக்கும். வாங்குகிறவர் இரண்டு கையாலும் வாங்கி, முதல் ஆளாகப் பாதத்தை முத்தி செய்து, தன் வீட்டுக்குக் கொண்டுபோய் வைக்கவேண்டும். மற்றவர்கள் பின்னால் போய், அங்கேயும் ஒரு சின்னச் செபம் சொல்லி, முத்தி செய்வார்கள். பிறகு பால் விடாத ஒரு பிளேன்ரீ, ஒரு பலகாரம், ஊர்ப் புதினம். கலியாணத்துக்குச் சொல்லாமல் விட்டால் மறதி என்று சொல்லித் தப்பலாம். மாதாவை ஒரு வீட்டைத் தாண்டிக் கொண்டுபோனால், அது அந்த வீட்டு வாசலில் காறித் துப்புகிற வேலை. வின்சன்றுக்கு நினைவு தெரிந்து அப்படித் தாண்டப்பட்டது ஒரேயொரு வீடு. அதுவும் கசிப்பு என்கிற கள்ளச்சாராயம் விற்றவன் வீடு, பொலிஸ் வந்துபோன கிழமை.

"நான் கசிப்பு விக்கிறனானோடா?"

"கத்தாதை மச்சான். உன்ர கையைப் பார். நீ தூக்கின சுரூபத்தைத்தானே பிறகு எல்லாரும் முத்தி செய்யவேணும்? குழந்தை குட்டியள் இருக்கு. சனம் பயப்பிடுது."

"இது ஒட்டாது."

"எனக்குத் தெரியும் ஒட்டாதெண்டு."

"தெரிஞ்ச நீ அங்க வாயைப் பொத்திக்கொண்டு இருந்திட்டு வந்தனி, என்ன?"

றெஜி அதற்கும் மதிலைத்தான் பார்த்தான். துறைமுகத்தில் ஒன்றாக வேலை செய்தவர்கள். கப்பல் தட்டில் நின்று றெஜி கை காட்டுவான், அந்தக் கையை நம்பி வின்சன்ற் பாரம் தூக்குகிற வின்ச் ஓட்டுவார். கீழே கிடங்கில் ஆட்கள் நிற்பார்கள். அப்படி நம்பின கை இப்போது உடுத்திருந்த சாரத்தின் மடிப்பைத் திருகிக்கொண்டு நின்றது.

தோல் வருத்தம் முதலில் முழங்கையில்தான் வந்தது. சிவந்த ஒரு வட்டம், அதன் மேல் மீன் செதில் மாதிரி வெள்ளைப் பொருக்கு. பிறகு முழங்கால், பிறகு தலை. இந்த வருடம் உள்ளங்கையிலும் ஏறிவிட்டது. வெள்ளவத்தையில் கண்ணாடிக் கதவு போட்ட ஒரு இடத்தில் சின்னப் போத்தலில் பேர் இல்லாத ஒரு பூச்சு கொடுத்தார்கள். பூசினதும் மாயம் மாதிரிப் போனது. விட்டதும் இரண்டு மடங்காகத் திரும்பி வந்தது. அதோடு வின்சன்ற் வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவரையும் நம்புவதில்லை என்று முடிவெடுத்தார். அதில் என்ன பிழை?

தோலைப் பற்றி அவருக்குச் சொந்தமாக ஒரு கொள்கை இருந்தது. அழுக்குத்தான் வருத்தம், அழுக்கை எடுத்தால் வருத்தம் போகும். வின்ச் ஓட்டுகிறவனின் கை பின்னேரம் முழங்கை வரைக்கும் கறுப்புக் கிறீஸ். குழாயடியில் எல்லாரும் வரிசையாக நின்று, உடுப்புத் தோய்க்கிற சவுக்காரத்தூளை உள்ளங்கையில் கொட்டி, தேங்காய்த் தும்பால் தேய்ப்பார்கள். விரலை விரலில் உரசினால் கிறீச்சென்று சத்தம் வரவேண்டும். வந்தால்தான் கை சுத்தம். வராத கையால் பாண் சாப்பிட்டால் பாணிலும் கிறீஸ் மணம்தான். வேலையை விட்ட பிறகும் அவர் குளிப்பது அப்படித்தான். மனைவி புளோறன்ஸ் வாங்கி வைக்கிற வாசனைச் சவுக்காரம் பெண்பிள்ளைகளுக்கு என்பது அவருடைய எண்ணம்.

றெஜி போன கையோடு அவர் சவுக்காரத்தூள் பைக்கற்றை உடைத்தார். மாதா இந்த லேனுக்கு வர இன்னும் நாள் கிடந்தது. அதற்குள் தேய்த்துத் தேய்த்து எடுத்துவிட்டால் எவன் வாய் திறப்பான்? காலையும் மாலையும் சுடுதண்ணீர், தூள், தும்பு. கடைசியில் போத்தல் கிருமிநாசினியும் ஊற்றினார். பொருக்கெல்லாம் தண்ணீரோடு போவதைப் பார்க்கப் பார்க்க அவருக்குச் சந்தோஷம். கிழமை முடிவதற்குள் உள்ளங்கை வெயிலில் காய்ந்த சேறு மாதிரி வெடித்தது. விரலை மடக்கினால் இரத்தம். முழங்கை வட்டம் தோள்மூட்டைப் பார்த்து நடக்கத் தொடங்கியது. ஒரு நாள் காலை தலையணை உறையில் இரத்தக் கோடுகளைப் புளோறன்ஸ் கண்டாள்.

"வாறீங்களோ ஆஸ்பத்திரிக்கு, இல்லாட்டி றெஜியைக் கூப்பிட்டுத் தூக்கிக்கொண்டு போகட்டோ?"

"அவன் தூக்கினா நான் பிரேதமாத்தான் போவன்."

"அப்ப நடந்து வாங்கோ."

அரசாங்க ஆஸ்பத்திரியின் தோல் கிளினிக்கில், "சீயா, இந்தகன்ன," என்று ஒரு நேர்ஸ் பிள்ளை சிங்களத்தில் வாங்கைக் காட்டி இருக்கச் சொன்னாள். வின்சன்ற் இருந்தார். தாத்தா என்று கூப்பிட்டதற்கும் சேர்த்துக் கோபமாக இருந்தார். உள்ளே டொக்டர் ரஜனி என்று ஒரு மெலிந்த பெண். களைத்த முகம். கையைப் பார்த்தாள், தலையைப் பார்த்தாள், நகத்தைக்கூடப் பார்த்தாள். பிறகு இதுவரை ஒருவரும் கேட்காத ஒரு கேள்வியைக் கேட்டாள்.

"ஐயா, நீங்கள் எப்பிடிக் குளிக்கிறனீங்கள்?"

வின்சன்ற் பெருமையாகவே சொன்னார். தூள், தும்பு, சுடுதண்ணீர், போத்தல் மருந்து, ஒன்றையும் விடவில்லை. டொக்டர் பேனையைக் கீழே வைத்தாள்.

"உடுப்புத் தோய்க்கிற தூளாலயோ?"

"ஓம். வேற என்னத்தால? சந்தனத்தாலயோ?"

"ஐயாவுக்கு என்னில கோவமோ, உங்கட தோலில கோவமோ?"

"ரெண்டிலயும்தான்."

அவள் சிரித்துவிட்டாள். சிரித்தபடியே அவருடைய கையைத் தன் வெறும் கையால் பிடித்து மேசை விளக்குக்குக் கீழே இழுத்தாள். உறை போடாத கை. அதை வின்சன்ற் கவனித்தார்.

"மேல்தோல் எண்டுறது மதில் மாதிரி, ஐயா. மதிலில கல்லும் இருக்கும், சாந்தும் இருக்கும். தோலின்ர சாந்து கொழுப்பு. செரமைட் எண்டு ஒரு கொழுப்பு, கொலஸ்ரரோல், வேற கொஞ்சம். அதுதான் உள்ளுக்க இருக்கிற ஈரத்தை வெளிய விடாது, வெளிய கிடக்கிற கண்டதையும் உள்ளுக்க விடாது."

"கொலஸ்ரரோல் கூடாதெண்டு போன வருசம் ஒரு டொக்டர் என்ர முட்டையை நிப்பாட்டினவர். இப்ப நீங்கள் வேணும் எண்டுறீங்கள். ரெண்டு பேரும் முதல்ல ஒண்டா இருந்து கதைச்சிட்டு வாங்கோ."

"அவர் சொன்னது ரத்தத்தில. நான் சொல்லுறது தோலில. தோலுக்கு அது வேணும். கேளுங்கோ. ஒரு தோல்க்கலம், அதுதான் செல், அடியில இருந்து மேல வர ஒரு மாசம் எடுக்கவேணும். உங்கட வருத்தத்தில அது ஒரு கிழமைக்குள்ள ஓடி வருது. சாந்து குழைக்க எங்க நேரம்? கொழுப்புக் குறைவு, இருக்கிறதும் அரைகுறை. அந்த அரைகுறைக் கல்லுத்தான் இப்பிடிப் பொருக்காக் கொட்டுது. அதுக்கு மேல நீங்கள் தூளைப் போட்டு, மிஞ்சின கொழுப்பையும் கழுவி ஊத்துறீங்கள். மதில் ஓட்டை. உடம்பு என்ன நினைக்கும்? காயம் பட்டிட்டுது எண்டு நினைச்சு இன்னும் அவசரமாத் தோல் செய்யும். இன்னும் கொட்டும். நீங்கள் இன்னும் தேய்ப்பீங்கள்."

"அப்ப நானே எனக்குத் தேடின வருத்தம் எண்டுறீங்கள்."

"அப்பிடிச் சொல்லேல்லை. இது உள்ளுக்க இருந்து வாறது. உடம்பைக் காக்கிற காவல்காரர் ஆள் மாறி அடிக்கினம். உங்கட பிழை இல்லை, ஊத்தையும் இல்லை. நீங்கள் செய்தது எரியிற அடுப்புக்கு ஊதிவிட்டது, அவ்வளவுதான்."

பக்கத்தில் இருந்த புளோறன்ஸ் கேட்டாள்.

"இது ஒட்டுமோ, மிஸ்?"

"ஒட்டாது, அம்மா. தொட்டாலும் ஒட்டாது, கட்டிப்பிடிச்சாலும் ஒட்டாது, ஒரு கோப்பையில குடிச்சாலும் ஒட்டாது."

புளோறன்ஸ் மடியிலிருந்த கைப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வட்டங்களுக்கு ஒரு மருந்து எழுதினாள் டொக்டர். அதற்கு மேல், குளித்து ஈரம் காய்வதற்குள் உடம்பு முழுக்கப் பூசச் சொல்லி ஒரு பெரிய டப்பா வெள்ளைக் களிம்பு. வின்சன்ற் மூடியைத் திறந்து விரலை விட்டார்.

"இது கிறீஸ்!"

"கிறீஸ் மாதிரித்தான்."

"காலம் முழுக்க இந்தச் சனியனைக் கழுவிக் கழுவித்தான் என்ர உயிர் போனது. இப்ப அள்ளிப் பூசச் சொல்லுறீங்களோ?"

"ஐயா என்ன வேலை செய்தனீங்கள்?"

"துறைமுகத்தில வின்ச். வயர்க்கயிறு."

"அந்தக் கயிறுக்கு நீங்கள் ஒண்டும் பூசுறேல்லையோ?"

வின்சன்ற் டப்பா மூடியைத் திருகி மூடினார். வயர்க்கயிறென்றால் இழை இழையாக முறுக்கினது. இழைகளுக்கு நடுவில் கிறீஸ் இருக்கவேண்டும். அது காய்ந்தால் கடல் தண்ணீர் உள்ளே இறங்கும், உள்ளுக்குள்ளேயே துரு தின்னும். வெளியே பார்க்க நல்ல கயிறு. ஒரு நாள் பாரத்தோடு அறுந்து சாட்டை மாதிரி வீசும். அப்படி ஒருவனின் கால் போனதை அவர் கண்டிருக்கிறார். அந்தக் கயிற்றைச் சவுக்காரத்தூள் போட்டுத் தும்பால் தேய்த்தவனை அவர் என்ன செய்திருப்பார்? கன்னத்தைப் பொத்தி அறைந்திருப்பார். இதையெல்லாம் டொக்டரிடம் சொல்லவில்லை. சொன்னால் அவளுக்குத் தலைக்கனம் வந்துவிடும். களிம்பை ஆஸ்பத்திரி மருந்தறையில் சும்மா கொடுத்தார்கள். அவளுக்கு இதில் ஒரு இலாபமும் இல்லை என்று கண்ட பிறகுதான் கொஞ்சம் நம்பினார்.

பூசினார். கட்டில் விரிப்பு, சாரம், கதவுக் கைப்பிடி எல்லாம் வழுக்கியது. "கொத்துரொட்டிக்குப் போட வைச்ச ரொட்டி மாதிரி மினுங்கிறீங்கள்," என்றாள் புளோறன்ஸ். விரலை விரலில் உரசினால் சத்தமே வராதது அவருக்கு முதலில் பெரிய கூச்சமாக இருந்தது. ஆனால் வெடிப்பு மூடத் தொடங்கியது. கைவிரல் மடங்கியது. பாணைப் பிய்க்க முடிந்தது. பொருக்கு மெலிந்து உதிர்வதும் குறைந்தது. சிவப்பு மட்டும் போகவில்லை. அது போக மாதக் கணக்காகும், போனாலும் திரும்பி வரலாம் என்று டொக்டர் முதலிலேயே சொல்லியிருந்தாள். பொய் சொல்லாத ஒரு டொக்டர் என்பது வின்சன்றுக்குப் புதினமாக இருந்தது.

மாதா றெஜி வீட்டிலிருந்து கிளம்புகிற பின்னேரம் வந்தது. புளோறன்ஸ் போகவேண்டாம் என்றாள். தலையிடி என்றாள். மழை வரும் என்றாள். வின்சன்ற் வெள்ளைச் சட்டை போட்டார், அதுவும் அரைக்கைச் சட்டை. முழங்கையை மறைக்க அவர் ஒன்றும் களவெடுக்கவில்லை. றெஜி வீட்டு ஹோலில் முன்வரிசைக் கதிரையில் போய் இருந்தார். செபமாலை முடிந்தது. லவினா எழும்பினாள். வங்கியில் வேலை, லேன் செபமாலைக் குழுவின் தலைவி, தேன் பூசின குரல்.

"இப்ப மாதாவை முடக்கு வீட்டுக்குக் குடுப்பம். வின்சன்ற் அங்கிளுக்குச் சுகமில்லைதானே, அடுத்த வருசம் பாப்பம், என்ன அங்கிள்?"

வின்சன்ற் எழும்பினார்.

"எனக்கென்ன சுகமில்லை? காய்ச்சலோ, வயித்தோட்டமோ?"

"கோவிக்காதேங்கோ அங்கிள். நான் ஒண்டும் நினைக்கேல்லை. மற்ற ஆக்கள்தான்..."

"எந்த மற்ற ஆக்கள்? எல்லாரும் இஞ்சதானே இருக்கினம். பேரைச் சொல்லு."

பேருள்ள எல்லாரும் தங்கள் செபமாலையைப் பைக்குள் வைப்பதில் மும்முரமாக இருந்தார்கள்.

"ஒட்டாதெண்டு டொக்டர் சொன்னவ."

"அப்ப டொக்டரிட்ட எழுத்தில ஒரு துண்டு வாங்கிக்கொண்டு வாங்கோவன். நான் வட்ஸ்அப் குறூப்பில போட்டுவிடுறன். எல்லாருக்கும் மனம் ஆறும்."

"மாதா என்ர வீட்டுக்கு வர நான் மெடிக்கல் குடுக்கவேணுமோ? வேலைக்குப் போகாத நாளுக்கு மெடிக்கல் குடுத்திருக்கிறன் பிள்ளை, செபத்துக்குக் குடுத்ததில்லை. எனக்குக் குஷ்டம் இல்லை. குஷ்டம் வந்தவனையே அவவின்ர மகன் தொட்டவர். துண்டு கேட்டவரோ?"

லவினா லேசுப்பட்டவள் இல்லை.

"அவனையும் குருவானவரிட்டப் போய்க் காட்டச் சொன்னவர்தானே அங்கிள்?"

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"தொட்டுச் சுகமாக்கிப்போட்டு அதுக்குப் பிறகுதான் காட்டச் சொன்னவர். நீ தொடவும் இல்லை, சுகமாக்கவும் இல்லை. நேர துண்டில வந்து நிக்கிறாய்."

லவினாவின் முகம் சிவந்தது. தேன் வற்றிவிட்டது.

"எங்களில பாயாதேங்கோ அங்கிள். நாங்களா ஒண்டும் செய்யேல்லை. அன்ரிதான் வீட்டை வந்து, இந்த முறை எங்களை விட்டிட்டுப் போங்கோ எண்டு கேட்டவ. அன்ரியைக் கேளுங்கோ."

வின்சன்ற் திரும்பினார். புளோறன்ஸ் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"புளோறி?"

"ஓம்," என்றாள். "நான்தான் கேட்டனான்."

"என்ர கையைக் கண்டா உனக்கும் வெக்கமோ?"

"எனக்கு உங்கட கையில என்ன வெக்கம்? நாப்பது வருசமாப் பிடிச்ச கை." அவள் குரல் அவருக்குப் பழக்கமில்லாத ஒரு குரலாக இருந்தது. "போன வருசம் மாதா வந்த அண்டைக்கு நீங்கள் சுரூபத்தடியில முட்டுக்கால் குத்திக்கொண்டு நிண்டீங்கள். பின்னால நடந்தது உங்களுக்குத் தெரியாது. விடிய எழும்பிப் பலகாரம் சுட்டனான். பிளேன்ரீ ஊத்தித் தட்டில வைச்சுக் கொண்டுவந்தன். ஒருத்தர் இப்பதான் குடிச்சனான் எண்டா. ஒருத்தருக்கு விரதம். ஒருத்தருக்குச் சீனி வருத்தம். ஒரு கையும் நீளேல்லை. எல்லாக் கோப்பையும் நிரம்பினபடி சிங்கில ஊத்தினன். உங்களுக்கு எப்பிடிச் சொல்லுறது? நீங்கள் அண்டைக்கு எவ்வளவு சந்தோஷமா இருந்தீங்கள். இன்னொருக்கா என்னால ஊத்தேலாது. அதுதான் வரவேண்டாம் எண்டன்."

வின்சன்றுக்குக் கோபத்தை எங்கே வைப்பது என்று ஒரு கணம் தெரியாமல் போனது. தனக்குத் தெரியாமல் அவள் போய்க் கேட்டாளே என்று வந்தது, நிற்காமல் போனது. ஒரு வருடமாக அவள் அதைத் தனியே வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். அவர் குளியலறையில் தோலைத் தேய்த்துக்கொண்டிருந்த நேரமெல்லாம் அவள் அடுப்படியில் அதை நினைத்துக்கொண்டு நின்றிருக்கிறாள்.

அவர் றெஜியைப் பார்த்தார்.

"நீ குடிச்சனியோடா?"

"மச்சான், எனக்குச் சீனி எண்டு உனக்குத் தெரியும்தானே..."

"அவ பிளேன்ரீக்குள்ள சீனி போடுறேல்லை. சீனியை வேறயாக் கையிலதான் தாறவ. உனக்கு வேண்டாமெண்டா கையை மூடியிருக்கலாம். பிளேன்ரீ என்ன செய்தது உனக்கு?"

றெஜிக்கு இந்த முறை பார்க்க மதில் இருக்கவில்லை. அவனுடைய சொந்த வீடு அது, சுற்றி அவனுடைய சொந்தச் சனம்.

வின்சன்ற் சுரூபம் வைத்திருந்த மேசையடிக்குப் போனார். இரண்டு உள்ளங்கையையும் விரித்து நீட்டினார். சிவப்பு அப்படியே இருந்தது, அதன் மேல் களிம்பு மினுங்கியது.

"தா."

கொடுக்கிற வீட்டுக்காரன் எடுத்துக் கொடுக்கவேண்டும். தானாக எடுத்துப்போனால் அது மாதா வந்ததாகாது, திருட்டு. றெஜி லவினாவைப் பார்த்தான். லவினா யன்னலைப் பார்த்தாள். றெஜி சுரூபத்தைத் தூக்கினான். நிறைய நேரம் எடுத்தான். கடைசியில் வின்சன்றின் கையில் வைத்தான். வைக்கும்போது விரல் படாமல் வைக்கலாமா என்று ஒரு தயக்கம் அவன் கையில் தெரிந்தது. பிறகு அந்தத் தயக்கத்தையும் விட்டு, அடியில் கையைக் கொடுத்து, பாரம் அவர் கையில் இறங்கும் வரைக்கும் பிடித்திருந்தான்.

வின்சன்ற் குனிந்து முத்தி செய்தார். லவினா கையில் வெள்ளைத் துணியோடு அரை அடி முன்னுக்கு வந்தாள்.

"துடை பிள்ளை, உன்ர விருப்பம்," என்றார் அவர். "பாதத்தைத் துடை. என்ர கையைத் துடைச்சிடாத. இப்பதான் பூசினனான்."

அவள் துடைக்கவில்லை. துணியைச் சுருட்டிக் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

லேனில் இறங்கி நடந்தார். புளோறன்ஸ் பக்கத்தில் நடந்தாள். "வீட்டில ஒண்டுமே செய்து வைக்கேல்லையே," என்று வழி முழுக்க முணுமுணுத்தாள். "பிஸ்கட் கூட இல்லை."

"அவ சாப்பிட வரேல்லை. வா."

சனம் பின்னால் வந்தது. வாசல் வரைக்கும் வந்தது. சுரூபத்தை மேசையில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால், றெஜியும் அவன் மனைவியும் பக்கத்து வீட்டுக் கிழவரும் இன்னும் கொஞ்சப் பேரும் உள்ளே நிற்கிறார்கள். மற்றவர்கள் வெளியே படலையடியில். லவினா அங்கேதான். அங்கே நின்றபடியே கைகூப்பி, அங்கிருந்தே செபத்தைத் தொடங்கிவிடலாம் என்கிற மாதிரி ஒரு முகம்.

வின்சன்ற் வாசலுக்கு வந்தார்.

"றோட்டில நிண்டு செபம் சொல்லுற வேலை இஞ்ச வேண்டாம். உள்ள வாறாக்கள் வாங்கோ. வராத ஆக்கள் போங்கோ. திறீவீல் ஓட்டோ போக வழி விடவேணும்."

இரண்டு பேர் குனிந்த தலையோடு செருப்பைக் கழற்றினார்கள். கொஞ்சப் பேர் போனார்கள். போகிற வழியில் ஒருவர் ஏதோ சொன்னார், அது வின்சன்றுக்குக் கேட்கும்படியாகத்தான் சொன்னார். லவினா போகவும் இல்லை, வரவும் இல்லை.

அவர் அவளை மறுபடியும் கூப்பிடவில்லை. கதவைச் சாத்தவும் இல்லை. உள்ளே போய் முட்டுக்கால் குத்தி, சிலுவை போட்டு, விசுவாசப் பிரமாணச் செபத்தைத் தொடங்கினார். லேன் முடக்கு வரைக்கும் கேட்கிற சத்தத்தில் தொடங்கினார்.